இன்னைக்கு டீச்சர்

கட்டையைக் கையில் எடுக்கும் முன்பே, அன்று யாரை வெட்டப்போகிறார் என்பதை அவர் சொல்லிவிடுவார். "இன்னைக்கு செல்வி" என்பார், ரேஷன் கடையில் அடுத்த ஆளைக் கூப்பிடுவதுபோல. அவ்வளவுதான். அதன்பிறகு ஆட்டம் முடியும்வரை மற்ற இருவரின் காய்களும் அவர் கண்ணில் படாது. கைக்கெட்டும் தூரத்தில் வேறொருத்தியின் காய் நிற்கும். வெட்டினால் அவரே ஜெயித்துவிடலாம். வெட்டமாட்டார். அதைத் தாண்டிப் போய், செல்வியின் காய்க்கு நாலு கட்டம் பின்னால் உட்கார்ந்து காத்திருப்பார்.

நான் பார்த்தவரை அவர் லூடோவில் ஜெயித்தது இரண்டே முறை. இரண்டும் கட்டை தானாகக் கொடுத்த வெற்றி. அவருக்கு அதில் பெரிய சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இது எப்படியாவது அவர் கைக்குப் போய், அவர் படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பதை நினைத்தாலே இன்றும் கூச்சமாக இருக்கிறது. எஸ்டேட்டில் எல்லோருக்கும் அவர் ஆயா. அந்தச் சொல்லுக்குரிய வயது அவருக்கு இல்லை. முப்பத்தைந்து இருந்தால் அதிகம். நான் மட்டும் அக்கா என்று கூப்பிட்டேன்.

பள்ளிவாசல் என்ற மலையூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட். அதன் கிரஷில்தான் அவருக்கு வேலை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம். அப்போது இறங்கி வந்து, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளை வாசலில் அவிழ்த்துப் போட்டு, கையைச் சுடுதண்ணீரில் நனைத்துச் சூடாக்கிக்கொண்டு, தங்கள் பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள். அந்த நேரத்தில்தான் லூடோ நடக்கும். பால் கொடுத்துக்கொண்டே ஆடுவார்கள். இதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு கை பிள்ளையின் தலைக்கு, ஒரு கை கட்டைக்கு. குலுக்குவதற்குக் காய்ச்சல் மருந்து பாட்டிலின் மூடி. கிரஷ் பிள்ளைகளுக்கென்று வந்த அட்டை அது. ஒரு மூலையை யாரோ ஒரு குழந்தை சப்பிச் சப்பிப் பஞ்சாக்கியிருந்தது. சிவப்புக் காய்களில் ஒன்று தொலைந்துபோய், அதற்குப் பதிலாக ஒரு சட்டைப் பித்தான். அந்தச் சிவப்புதான் எப்போதும் அவருடைய நிறம்.

லூடோ ஆடாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். வெட்டுப்பட்ட காய் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பிவிடும். மறுபடி வெளியே வர ஆறு விழவேண்டும். நான்கு காயும் உள்ளே இருந்தால், ஆறு விழும்வரை செய்வதற்கு ஒன்றுமே இல்லை. உருட்டுவது, அடுத்தவரிடம் மூடியைக் கொடுப்பது, உட்கார்ந்திருப்பது.

நான் கீழே சமவெளியில் இருக்கும் எருத்தேன்பதி ஊர்க்காரி. கணவருக்கு அந்த எஸ்டேட்டின் ஃபாக்டரியில் வேலை. கிரஷுக்கு மேலே இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு தற்காலிக டீச்சர் இடம் காலியானது. பி.எட். முடித்து மூன்று வருடம் காத்திருந்த எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் மகள் யாழினிக்கு அப்போது நாலு மாதம். ஜூன் மழையில், அவளைப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோய் அந்தக் கிரஷில் விட்ட முதல் நாள், திரும்பிப் பார்க்காமல் படியேற வேண்டும் என்று முடிவுசெய்து, ஏழு தடவை திரும்பிப் பார்த்தேன்.

யாழினியின் எடை ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு மாதத்துக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். போன மாதம் ஐந்து கிலோ நூறு. இந்த மாதமும் ஐந்து கிலோ நூறு. "ஒரு மாசம் பார்ப்போம். அப்பவும் ஏறலைன்னா டெஸ்ட் எல்லாம் எடுக்கணும், பவுடர் பால் தொடங்கணும். வேலையை விட முடியுமான்னும் யோசிச்சுப் பாருங்க. அப்புறம், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். டென்ஷன் ஆகாதே என்று நர்ஸ் சொன்னார், கணவர் சொன்னார், போனில் என் தங்கை சொன்னாள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்கு டென்ஷன் ஏறியது.

பள்ளி மதியம் ஒன்றரைக்குத்தான் மறுபடி தொடங்கும். கிரஷிலிருந்து ஏறிப்போக ஏழு நிமிடம். ஆனால் தற்காலிக வேலை, தாமதமாகிவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு மணிக்கே எழுந்துவிடுவேன். பால் கொடுக்கும்போது ஒரு கண் கைக்கடிகாரத்தில் இருக்கும். யாழினி இரண்டு மடக்குக் குடிப்பாள், வாயை விலக்குவாள், அழுவாள். நான் தோளில் போட்டுத் தட்டுவேன், இந்தப் பக்கம் மாற்றுவேன், மறுபடி அந்தப் பக்கம் மாற்றுவேன்.

முதல் வாரம் நான் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் திங்கட்கிழமை அவர் கூப்பிட்டார்.

"டீச்சர், நாலாவது ஆளு இல்ல. வந்து உக்காருங்க."

"எனக்கு நேரம் இருக்காதுங்க அக்கா."

"அடுப்பு இந்தப் பக்கந்தான் இருக்கு. அங்க பிள்ளைக்குக் குளுரும்."

மறுத்தால் டீச்சர் என்ற திமிர் என்று நினைப்பார்களோ என்று போய் உட்கார்ந்தேன். செல்வி, முத்துலட்சுமி, அவர், நான். செல்வியின் மடியில் அவள் மகன், முத்துலட்சுமியின் மடியில் அவளுடைய இரண்டாவது பெண். அவர் மடியில் அம்மா இன்னும் வந்து சேராத ஏதோ ஒரு பிள்ளை. அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கடிகாரத்தைப் பார்த்தார். நெளிந்துகொண்டிருந்த யாழினியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னைக்கு டீச்சர்."

"ஏய் ஆயா, வந்த மொத நாளேவா!" என்றாள் செல்வி.

"மொத நாளு என்ன, கடைசி நாளு என்ன? ஆட வந்தாச்சுல்ல."

அன்று என்னை ஐந்து முறை வெட்டினார். ஒவ்வொரு முறையும் தன் காயால் என் காயைத் தட்டித் தள்ளுவார். அது உருண்டு என் முழங்காலில் வந்து முட்டும். மறுநாள், "இன்னைக்கும் டீச்சர்." அதற்கு அடுத்த நாளும். நான்கு காயும் வீட்டுக்குள் அடைந்துகிடக்க, ஒரு மணிக்கு நான் எழப்போனேன்.

"எங்க போறீங்க? காயெல்லாம் உள்ள இருந்தா ஆறு விழுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. இங்கத்த சட்டம்."

"பள்ளிக்கூடம் இருக்குங்களேக்கா."

"அது எங்கயும் போகாது. மணி அடிச்சா இங்க கேக்கும்."

செல்வி சிரித்தாள். "டீச்சர் வாயில எல்லா வார்த்தைக்கும் வாலு மாதிரி ஒரு 'ங்க'. கட்டையைப் பாத்தும் 'விழுங்க'ன்னு சொல்லிப் பாருங்க, விழுந்தாலும் விழும்."

அன்று மாலை கணவரிடம் புலம்பினேன். "ஏனுங்க, நான் அவங்களை என்ன பண்ணினேன்? மூணு பேர் இருக்காங்க, என்னைய மட்டுமே வெட்டுறாங்க."

"லூடோதானே" என்றார் அவர்.

"லூடோதானுங்க. அதுலயும் என்னையத்தானுங்களே."

அவருக்குப் புரியவில்லை. புது இடத்தில், எடை ஏறாத குழந்தையோடு இருப்பவளை ஒருத்தர் தினமும் பெயர் சொல்லிக் குறிவைத்தால் அது லூடோ மட்டும்தானா? முதல் நாள் குழந்தையை விட்டபோது மாற்றுத்துணி குறைவாக வைத்தேனா, அவர் சாப்பிடும் நேரத்தில் ஏதாவது கேட்டேனா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு வெட்டவும் வராது. அபூர்வமாக என் காய் வெளியே வந்து, யாருடையதையாவது வெட்டும்படி எண் விழுந்தால், "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி வேறு காயை நகர்த்திவிடுவேன்.

"வெட்டாம விட்டா அந்தக் காய் வந்து உங்க காலைப் பிடிச்சுக் கும்புடுமா?" என்று கேட்பார் அவர்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ நான் கேட்டேவிட்டேன். "அக்கா, ஒரே ஆளையே தினமும் வெட்டறது நியாயமுங்களா?"

அவர் பதில் சொல்லும் முன் மற்ற இருவரும் பிடித்துக்கொண்டார்கள். செல்விக்கு அது அநியாயம். நாலு பேர் ஆட்டத்தில் அடி நாலு பக்கமும் பிரிந்து விழவேண்டும். முத்துலட்சுமி அப்படி நினைக்கவில்லை. யாரை வெட்டவேண்டும் என்று அட்டையில் எழுதியா இருக்கிறது, அவரவர் கட்டை அவரவர் இஷ்டம் என்றாள். "ஆனா ஜெயிக்கிறதுக்கு வெட்டணும். இவ எதுக்கு வெட்டுறான்னு இவளுக்கே தெரியாது" என்று ஆயாவைக் கையால் காட்டினாள். "டீச்சர், உங்களுக்கு ரெண்டு வாரம்கூட ஆகல. என் மூத்தவ கைப்பிள்ளையா இருக்கும்போது என்னைய மூணு வாரம் வெட்டுனா. நான் கோவிச்சுக்கிட்டு மத்தியானம் வாரதையே விட்டுட்டேன். பாட்டில்ல பாலைக் கரைச்சுக் குடுத்துவிட்டேன்."

"அப்புறமுங்க?"

"என்ன அப்புறம்? ரெண்டாம் நாளு நான் பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டுல மேட்டுல நிக்கேன். கொட்டுற மழை. கீழ இருந்து ஒரு குடை ஏறி வருது. பாத்தா இவ. இடுப்புல என் பிள்ளை. சூப்பர்வைசர் சாரு முன்னால வந்து நின்னு சொல்றா, 'வெட்டுனது நானு, பிள்ளை என்ன பண்ணுச்சு? உக்காருடி' அப்படீன்னு. தேயிலைச் செடிக்கு நடுவுல உக்கார வெச்சு, குடையைப் பிடிச்சுக்கிட்டு, பிள்ளை குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னா. ஒரு வாரம் அப்படி வந்தா டீச்சர், தினமும். சாருக்கே சிரிப்பு வந்துட்டுது. அப்புறம் நானே கீழ எறங்கி வந்தேன். சரி, இனிமே விட்டுருவான்னு பாத்தா..."

"இன்னைக்கு முத்துலட்சுமின்னேன்" என்று முடித்தார் ஆயா.

மூவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று அவரையே பார்த்தேன்.

"சொல்லாம வெட்டுனாத்தான் டீச்சர் தப்பு" என்றார். "நான் சொல்லிட்டுத்தானே வெட்டுறேன்."

இதோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும், நாள்வரிசையில் இது பிறகு நடந்தது என்றாலும். ஓணத்துக்கு ஸ்டாஃப் கிளப்பில் பெண்களுக்கு லூடோ போட்டி வைத்தார்கள். மானேஜரின் மனைவி ஆடிய மேசையில் அவருக்கும் ஒரு இடம் கிடைத்தது. கூச்சமே இல்லாமல், "இன்னைக்கு மேடம்" என்று அறிவித்தார். ஃபாக்டரி ஆட்களின் மனைவிமார் எல்லோரும் கண்ணால் அவரைத் தடுத்துப் பார்த்தோம். அவர் அட்டையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பத்தாவது நிமிடம் மேடத்தின் நான்கு காயும் வீட்டுக்குள். "அய்யோ, என்னெ மாத்ரம் எந்தினா?" என்று, தன்னை மட்டும் ஏன் வெட்டுகிறார் என அந்த அம்மாள் சிரித்தபடி மலையாளத்தில் கேட்டார். செய்ய ஒன்றுமில்லாமல் நாற்காலியில் சாய்ந்தார். அப்போது இவர் பேச ஆரம்பித்தார்.

"கிரஷ்ல மூணு ஜன்னலுக்குக் கண்ணாடி இல்ல மேடம். உருட்டுங்க. மூணா? சரி. சாக்கு கட்டி வெச்சிருக்கேன். சாரல் அடிச்சா சாக்கு நனைஞ்சு சொட்டும். உங்க முறைதான், உருட்டுங்க. ரெண்டா? விழும் மேடம், ஆறு எங்க போகும். தொட்டிலு சரியா அந்த ஜன்னலுக்கு நேரே இருக்கு."

ஓணம் முடிந்து இரண்டே வாரத்தில் மூன்று ஜன்னலுக்கும் கண்ணாடி வந்தது. ஆனால் அந்தக் கிளப்பில் வாயைப் பிளந்து நின்றவர்களில் நான் இல்லை. அதற்குள் எனக்கு அவரைத் தெரிந்துவிட்டிருந்தது.

தெரிந்தது ஜூலையில் ஒருநாள். மதியம் ஒரு பையனுக்குக் காய்ச்சல். அவன் அப்பா வரும்வரை நான் பள்ளியில் இருக்கவேண்டியதாகி, கிரஷுக்குப் போக இருபது நிமிடம் தாமதம். உள்ளே யாழினி அழுதுகொண்டிருப்பாள் என்று பதறி இறங்கினேன். சாக்கு கட்டிய ஜன்னலோரம் சத்தம் எதுவும் கேட்காததால், சாக்கை விலக்கிப் பார்த்தேன். ஆயா ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு யாழினியின் வாயில், நான் காலையில் பிழிந்து வைத்துப்போன பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். என் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். தன் முறை வந்தபோதெல்லாம் கிண்ணத்தை வைத்துவிட்டு அவரும் கட்டையை உருட்ட, ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

அட்டைக்கு வெளியே நின்று அந்த ஆட்டத்தை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. செல்வி கட்டை உருட்டக் குனிந்தாள், மகனின் வாயிலிருந்து பால் விலகியது, அவன் சிணுங்கினான். காயை நகர்த்தக் குனிந்தாள், மறுபடி விலகியது. முத்துலட்சுமிக்கு ஐந்து விழுந்தது. எந்தக் காயை வைப்பது என்று அட்டைமேல் கவிழ்ந்து யோசித்தாள். அவள் பெண் காலை உதைத்தது. அன்று வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது என் இடத்தில் இருந்த அந்தப் பெண். அவளுக்கு நகர்த்த எதுவும் இல்லை. கட்டையை உருட்டி, மூடியைத் தள்ளிவிட்டு, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். அவள் மடியிலிருந்த பிள்ளை மட்டும், கண்ணை மூடி, தொண்டை ஏறி இறங்க, குடித்துக்கொண்டே இருந்தது.

நான் மழையில் நின்றேன். சாக்கிலிருந்து தண்ணீர் கழுத்தில் சொட்டியது. கடந்த மூன்று வாரமும் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து. ஒன்றரை மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்வரை. கடிகாரத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, ஆறு விழவேண்டுமே என்று. யாழினி கடைசியாக எப்போது பாதியில் வாயை விலக்கி அழுதாள் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை.

இதை எழுதும்போதும் ஒரு சந்தேகம் இருக்கிறது. இல்லாத ஒன்றை நானே கட்டிக்கொண்டேனா? அன்றே உள்ளே போய் அவரிடம் கேட்டேன்.

"அக்கா, நீங்க வேணும்னேதானுங்களே என்னைய வெட்டறீங்க?"

"ஆமா. பின்ன வேணும்னுதான் வெட்டுவாங்க. காய் தானா நடந்து போயா வெட்டும்?"

"அதில்லீங்க. யாழினிக்காக..."

"பிள்ளை பேரை ஏன் ஆட்டத்துல இழுக்கீங்க டீச்சர்? நனைஞ்சிருக்கீங்க. தலையைத் துவட்டிட்டுப் பிள்ளையை வாங்குங்க."

பதறாதே என்று என்னிடம் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். எப்படி உட்காரவேண்டும், எவ்வளவு நேரம் கொடுக்கவேண்டும் என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையும் சரியாகச் செய்கிறேனா என்று நான் கவலைப்பட்டிருப்பேன். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம். ஆனால், அதற்காக ஒருத்தியைத் தினமும் தோற்கடிக்கலாமா? முதல் வாரம் நான் குளியலறையில் அழுததும் உண்மைதானே? இந்தக் கேள்வியை எந்தப் பக்கம் வைத்தாலும் அது எனக்கு முழுதாக உட்காரவில்லை. அவரை நினைத்தால் பிரமிப்புதான் முதலில் வருகிறது. கேள்வி பின்னாலேயே வருகிறது.

மாதக் கடைசியில் எடை பார்க்கும் நாள். சுகாதார ஊழியர் கிரஷின் உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, கொக்கியில் துணித்தொட்டிலை மாட்டினார். மேலே ஃபாக்டரி வாசலில் கொழுந்து மூட்டைகளை நிறுப்பதுபோலவே வரிசையாகப் பிள்ளைகள். யாழினியைத் தொட்டிலில் வைத்துவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆடாம இரு தங்கம்... அஞ்சு அறுநூறு" என்றார் ஊழியர்.

"இன்னொரு தடவை பாருங்க" என்றேன். பார்த்தார். ஐந்து கிலோ அறுநூறு. எழுதிய நோட்டை வாங்கி மறுபடி பார்த்தேன். பிறகு ஆயாவைத் தேடினேன். அவர் அடுத்த பிள்ளையின் கம்பளிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பிள்ளை செல்வியின் மகன். பல் முளைக்கும் நேரம், சளி வேறு. போன மாதத்தைவிட நூறு கிராம் குறைந்திருந்தான். வாய் ஓயாத செல்வி அன்று நோட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் நான் வழக்கம்போல் சுவரோரம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தேன். யாழினியை மடியில் போட்டுக்கொண்டு, என் பெயரைக் கேட்கக் காத்திருந்தேன். அவர் சிவப்புக் காய்களை அடுக்கினார், பித்தானைக் கடைசியாக வைத்தார்.

"இன்னைக்கு செல்வி."

எனக்குச் சுருக்கென்றது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது; ஆனால் சுருக்கென்றது உண்மை. ஒரு மாதம் தினமும் என் பெயரைச் சொன்ன வாய். செல்வி, "போச்சுடா, என் பக்கம் திரும்பியாச்சா" என்று முணுமுணுத்துவிட்டுக் கட்டையை உருட்டினாள்.

ஆட்டம் போனது. வெட்ட ஆளில்லாததால் என் காய்கள் முதல்முறையாக அட்டையை முழுதாகச் சுற்றின. ஆயா செல்வியின் மூன்று காய்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான்காவது மட்டும் தப்பி ஓடிக்கொண்டிருந்தது. அதை நகர்த்த செல்வி குனியும்போதெல்லாம் அவள் மகன் வாயை விலக்கி, மூக்கடைப்போடு அழுதான். ஆயாவின் காய்கள் அதைத் தாண்டி முன்னால் போய்விட்டிருந்தன. இனி அவரால் அதைப் பிடிக்க முடியாது. என் பச்சைக் காய் அதற்கு மூன்று கட்டம் பின்னால் நின்றது.

மூடியைக் குலுக்கினேன். மூன்று விழுந்தது.

என்னிடம் கடைசிக் கட்டத்தை நெருங்கிய வேறொரு காய் இருந்தது. அதை வைத்தால் ஜெயிக்கலாம். நான் எதை வைப்பேன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். "மன்னிச்சுக்குங்க" என்ற சொல் என் நாக்கில் வந்துவிட்டது. ஆயா தன் மடியில் இருந்த பிள்ளையின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

நான் யாழினியின் தலை அசையாமல் இடது கையால் அணைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. செல்வியின் காயைத் தட்டினேன். அது உருண்டு அவள் முழங்காலில் போய் முட்டியது.

"டீச்சர்! நீங்களுமா!"

"ஆறு விழற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுங்க செல்வி" என்றேன். "இங்கத்த சட்டம்."

முத்துலட்சுமி சத்தமாகச் சிரித்தாள். செல்வி என்னை முறைத்தாள், கட்டையைப் பார்த்தாள், செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்து சுவரில் சாய்ந்தாள். அவள் மகன் கொஞ்ச நேரம் தேடினான். பிறகு அந்த அறையில் மழைச் சத்தமும் அவன் விழுங்கும் சத்தமும் மட்டும் கேட்டன.

ஆயா மூடியை எடுத்துக் கட்டையை உருட்டினார்.